பாய் கடித்த அலுமினிய பன்

என் மைத்துனன் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தட்டில் இருந்த வடையை எடுத்துக் கடித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். தப்பு அவன்மேல் இல்லை. கண்ணாடி அலமாரியில் இருக்க வேண்டிய வடை அது. தூசி தட்டுவதற்காக எடுத்த நான், கை நிறைய சாமான் இருந்ததால், பக்கத்தில் கிடந்த தட்டில் வைத்திருந்தேன். அலுமினிய வடை. நடுவில் ஓட்டை, ஓரத்தில் துருத்திக்கொண்டு ஒரு மிளகு, எண்ணெயில் பொரிந்த சொரசொரப்பு எல்லாம் அச்சாக இருக்கும். எண்ணெய் தடவி உலைச் சூட்டில் காட்டியதால் நிறம்கூடப் பொன்முறுவலாக வந்திருந்தது. பயல் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே கை நீட்டியிருக்கிறான்.

"எங்க தம்பி பல்லு மட்டும் போயிருந்திச்சி, நீங்களும் உங்க அலுமினியமும் இன்னிக்கி வாசல்லதான்" என்றாள் என் மனைவி.

நான் முதலில் வடையைத்தான் பார்த்தேன். மிளகு நசுங்கவில்லை. அதன் பிறகுதான் மைத்துனனைப் பார்த்தேன். இதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும். அந்த வடை மாதிரி உலகத்திலேயே மூன்றுதான் உண்டு. மைத்துனன்கள் எனக்கு நான்கு பேர்.

எழுபதுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. கும்மிடிப்பூண்டிக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன அலுமினிய ஃபவுண்டரியில் நான் ஸ்டோர் கீப்பர். பம்பு செட்டுக்கு மூடி, மோட்டாருக்கு உறை, இப்படி ஏதாவது வார்ப்போம். சுற்றிலும் முள்காடு. தொழிற்பேட்டை வரப்போகிறது, ரோடு வரப்போகிறது, எல்லாருக்கும் வேலை வரப்போகிறது என்று ஆள் ஆளுக்குப் பேசிக்கொண்டிருந்த காலம். வந்தது என்னவோ எங்கள் கம்பெனியும் அதன் வாசலில் ஒரு டீக்கடையும்தான்.

அங்கே மண்ணில் அச்சு எடுக்கிற மோல்டர் ஒருவர் இருந்தார். எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன். அவருக்கு நான் 'ஸ்டோரு'. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். அப்பா, சித்தப்பா, தம்பிகள் எல்லாரும் தண்ணீரில் பிழைப்பவர்கள். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி வரும். "எங்க ஊட்ல மீனு பிடிக்காதவன் நான் ஒருத்தன்தான். அதான் மண்ணுல வந்து வுழுந்தேன்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

சனிக்கிழமைகளில் கடைசி வார்ப்பு முடிந்ததும் கரண்டியில் கொஞ்சம் உலோகம் மிஞ்சும். அதைக் கட்டியாக ஊற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். ஒரு சனிக்கிழமை அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, சட்டைப் பையிலிருந்த தன் சீப்பை எடுத்து மண்ணில் பதித்து அச்சு எடுத்து, மிச்சத்தை அதில் ஊற்றிவிட்டார். மூன்று பல் உடைந்த சீப்பு. திங்கட்கிழமை காலையில் மண்ணைத் தட்டினால் மூன்று பல் உடைந்த அலுமினியச் சீப்பு. கம்பெனியே சிரித்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து அவசர அவசரமாக வாரிக்கொண்டு ஓடுகிற ஒரு மனுஷன் முழுசாக அந்தச் சீப்பில் இருந்தான். எனக்கு அது வேண்டும் என்று உடம்பெல்லாம் அரித்தது.

அதே சீப்பை வைத்து இன்னும் மூன்று எடுத்தார். ஐந்தாவதற்கு மண்ணை இடிக்கும்போது சீப்பு இரண்டாகப் போய்விட்டது.

"அவ்ளோதான். சீப்பு போச்சி, ஆட்டம் க்ளோஸ்" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அலுமினியச் சீப்பையே மண்ணில் பதித்தால் இன்னும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அது இன்னாபா ஞாயம்? தலைய வாரின சீப்பு மண்ணத் தொடணும். தொட்டாத்தான் அது சீப்பு. இல்லாங்காட்டி போட்டோவப் பாத்து எடுத்த போட்டோ" என்றார்.

அதுவே சட்டமாகிவிட்டது. பொருள் எத்தனை முறை தாங்குகிறதோ அத்தனை உருப்படி. டயர் செருப்பு பதினொன்று தாங்கியது. வடை மூன்று. சைக்கிள் பெல் மூடி எத்தனை வேண்டுமானாலும் தாங்கும் போலிருந்ததால் எட்டோடு அவருக்கே அலுத்துவிட்டது. அப்பளம் முதல் இடியிலேயே பொடியாகி, ஒன்றுகூடத் தேறவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் இரும்பு எண் அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்து நம்பர் போடுவார். ஒன்றாம் நம்பர் எப்போதும் அவருக்கு. பொருளைக் கொண்டுவந்தவருக்கு இரண்டாம் நம்பர். மற்றது கேட்டவருக்கு. இப்போது பெரிய ஊர்களில் சோப்பையும் செருப்பையும் சிலையாகச் செய்து நம்பர் போட்டு, லிமிடெட் எடிஷன் என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்களாம். பத்திரிகையில் படம் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பரை அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கள் நம்பரைச் செருப்பு முடிவு செய்தது.

முதலாளிக்கு இது தெரியும். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எவன் எதை எடுத்துப் போனாலும் அதே எடைக்கு ஓட்டை உடைசல் அலுமினியம் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். அதனால் என் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தது. நசுங்கிய டபரா, மூடி தொலைந்த தூக்கு, கடைசியில் நன்றாக இருந்த ஒரு சோற்றுக் கரண்டி. "ஊட்ல எலி கீதுன்னு நெனச்சேன். எலி இல்ல, புருசன்" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாளாம்.

இப்படிச் சேர்க்கிற பைத்தியம் எங்கள் வட்டாரத்தில் இரண்டே பேருக்குத்தான் முற்றியிருந்தது. ஒருவன் நான். இன்னொருவர் பாய். பழவேற்காட்டிலிருந்து வாரம் ஒருமுறை வாடகை லாரியில் பழைய பாத்திரங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து எங்கள் கம்பெனிக்குப் போடுகிற வியாபாரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, பக்கத்துப் பல் கொஞ்சம் திரும்பியிருக்கும். லாரியை விட்டு இறங்கும்போதே "இந்த வாரம் இன்னா தம்பி புதுசு?" என்றுதான் கேட்பார். மூட்டை எடை போடுவது அப்புறம். நான் எடுத்ததையெல்லாம் அவரும் எடுத்தார். அவர் எடுத்ததையெல்லாம் நானும் எடுத்தேன். உருப்படிக்கு உருப்படி சமமாகவே போய்க்கொண்டிருந்தோம், அந்த பன் வருகிறவரை.

பாய் ஒரு நாள் எடை மேடை அருகே நின்று டீயும் பன்னுமாக நாஷ்டா பண்ணிக்கொண்டிருந்தார். முதல் கடி கடித்து வாயை எடுத்ததும் அண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"பாய்! இன்னொரு கடி கடிக்காத! அப்டியே குடு!"

பாய் மென்றுகொண்டே கொடுத்தார். பன்னில் அவர் பல்வரிசை அரைவட்டமாகப் பதிந்திருந்தது. நடுவில் சந்து, பக்கத்தில் திரும்பின பல், ஒன்று விடாமல். அண்ணன் அதை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கல்லாக்கி, மேலே வார்னிஷ் பூசி, மண்ணில் பதித்தார். இரண்டு முறை தாங்கியது. மூன்றாவதில் தூள். ஒன்றாம் நம்பர் அண்ணனுக்கு, இரண்டாம் நம்பர் பாய்க்கு. எனக்கு விபூதிகூட மிஞ்சவில்லை.

வாங்கிய அன்றே பாய் அதை வாயில் வைத்துப் பார்த்தார். கடித்த இடத்தில் பல் 'டொக்' என்று போய் உட்கார்ந்தது. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் உட்கார்ந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கம்பெனியே கைதட்டியது. அதற்குப் பிறகு அது அவருடைய வித்தையாகிவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் செய்து காட்டுவாராம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு உருப்படி அலமாரியில் இருக்கிறது. கண் போவது இல்லாத இருபத்தேழாவதின் மேல். அண்ணனிடம் கேட்க முடியாது, ஒன்றாம் நம்பரை அவர் யாருக்கும் தர மாட்டார். பாயிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள், "ஊட்ல காட்டிட்டுத் தரேன் பாய். எம் பொண்டாட்டி பாக்கணுங்கறா" என்றேன். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"இதுக்குப் போயி இன்னா தம்பி, எடுத்துக்கினு போ" என்று ஜிப்பாப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

திருவள்ளூரில் விளக்கு வார்க்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கொண்டுபோய், இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். அண்ணனின் சட்டம் அவருக்குத் தெரியாது. பாயின் பன்னையே மண்ணில் பதித்து ஊற்றிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பன்னையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கும்போது என் எண்ணம் சுத்தமானது. அசல் பாய்க்கு, நகல் எனக்கு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நகலில் சொரசொரப்பு கொஞ்சம் மழுங்கியிருந்தது, அடியிலிருந்த '2' சரியாக விழவில்லை, மற்றபடி வித்தியாசம் தெரியவில்லை. திருவள்ளூர் தாண்டும்போது நல்லவனாக இருந்தேன். ஊத்துக்கோட்டை வருவதற்குள் கெட்டுப்போனேன். வீட்டுக்கு வந்து ஓர் ஆணியும் சுத்தியலும் எடுத்து நகலின் அடியில் '2'ஐ ஆழமாக்கினேன். எண்ணெய் தடவி அடுப்பில் காட்டினேன். வியாழக்கிழமை அதைப் பாயிடம் நீட்டினேன். நோன்பு மாசம், பெருநாள் வரை வித்தை கிடையாது; அவர் பார்க்காமலே ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். பார்த்து வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அசல் இப்போது என்னிடம். என்ன பிரயோஜனம்? அலமாரியில் வைக்க முடியாது, அண்ணன் எப்போது வேண்டுமானாலும் வருவார். யாரிடமும் காட்ட முடியாது. சேர்க்கிறவனுக்குக் காட்டாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டேன். அரிசி டின்னில் ஒளித்து வைத்திருந்தேன். மனைவி ஆழாக்குப் போட்டு அரிசி எடுத்தபோது 'ணங்' என்று சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப அரிசிக்குள் புதைத்துவிட்டாள்.

ரம்ஜானுக்குப் பாய் அண்ணனையும் என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பொன்னேரியில் பஸ் மாறிப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். கூடம் நிறைய அவருடைய அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள். சுவர் அலமாரியில் எங்கள் சீப்பு, செருப்பு, வடை எல்லாம் வரிசையாக இருந்தன. பிரியாணி வருவதற்குள் பாய் எல்லாரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கதை சொன்னார். கடைசியில் பன். நான் வாசல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

வாயில் வைத்தார். உட்காரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். திருப்பி வைத்தார். திரும்பின பல் இடித்தது.

"இன்னாடா இது?" என்று பன்னைப் பார்த்தார். அப்புறம் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். அவர் பன்னைச் சந்தேகப்படவில்லை. தன் பல்லைத்தான் சந்தேகப்பட்டார்.

"பல்லு வளந்துக்கினு இருக்குதோ?"

"வயசானா எகிறு எறங்கும், பல்லு வெளிய வரும். சரியா கவனிக்காட்டி அம்புட்டும் ஆடிப்பூடும்" என்றார் அவருடைய பெரியண்ணன்.

கூடமே கவலையில் ஆழ்ந்தது. ஆள் ஆளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பாய் முகம் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய்ப் பல் டாக்டரிடம் காட்டி, வளர்ந்ததை அராவிக்கொண்டோ பிடுங்கிக்கொண்டோ வந்துவிடுவதாக முடிவு செய்தார். அத்தனை நல்ல பிரியாணி, அவர் ஒரு பக்கமாகவே மென்றார். இறைச்சியைத் தொடவே இல்லை. நான் எல்லாவற்றையும் தின்றேன். வெட்கக்கேடு என்னவென்றால், ருசியாகவும் இருந்தது.

அண்ணன் அந்த பன்னை வாங்கி ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்திருந்தார். அப்படியே திருப்பிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் பேசினார்.

"அலுமினியம் ஆறும்போது சுருங்கும் ஸ்டோரு. மயிரிழதான். பன்ன வச்சி நான் ஊத்துனது ஒரு தபா சுருங்கிச்சி. அதான் பாய்க்கு இறுக்கமா குந்துச்சி. இது ரெண்டு தபா சுருங்கிக்கீது. பல்லுக்கு அது தெரியும்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ரெண்டுதான்னு நான் வாயால சொன்னேன். இப்ப மூணு கீது" என்றார். பிறகு, "அந்தாளு பல்லப் புடுங்கிக்கறதுக்கு மின்னாடி போயிச் சொல்லிடு" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை அரிசி டின்னிலிருந்து பன்னை எடுத்தேன். மனைவி, "கழுவி எடுத்துக்கினு போங்க" என்றாள். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பியும், நான் பழவேற்காட்டில் இறங்கும்போது பொன்னேரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பாய் ஒரு கால் படியில் வைத்துவிட்டார். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை, அக்குளில் குடை. நான் ஓடிப்போய் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தேன்.

"பாய், எறங்கு! உன் பல்லுக்கு ஒண்ணும் இல்ல!"

பன்னைக் கையில் கொடுத்தேன். கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு வாயில் வைத்தார். 'டொக்'. நடு ரோட்டில் பன்னைக் கவ்விக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு ஒரு குதி குதித்தது. அப்புறம் அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என் பல்லு நல்லாத்தான் கீது! யா அல்லா, நல்லாத்தான் கீது!" என்று கண்டக்டரிடம் சொன்னார், டிரைவரிடம் சொன்னார், கூடைக்காரிகளிடம் சொன்னார். பஸ் போயே போய்விட்டது. அந்தச் சந்தோஷம் அடங்கிய பிறகுதான் கையிலிருந்த பன்னை உற்றுப் பார்த்தார். ஜிப்பாப் பையிலிருந்து மற்றதையும் எடுத்தார். டாக்டரிடம் காட்டக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு வார்க்கிறவர், பஸ், ஆணி, சுத்தியல், ஒன்று விடவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பனே தம்பி" என்றார் பாய்.

அவர் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டு, நகல் பன்னைக் கேட்டுக் கையை நீட்டினேன். அதைக் கொண்டுபோய் அண்ணன் கண்ணெதிரிலேயே உலையில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

பாய் தரவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக வேறு ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். என் முகத்திலும் வருகிற வெளிச்சம்தான்.

"நம்ம ஆளு பன்னு எத்தினி ஊத்துனாரு?"

"ரெண்டு."

"நீ திருட்டுத்தனமா எத்தினி ஊத்துன?"

"ஒண்ணே ஒண்ணு பாய். சத்தியமா."

"இன்னொண்ணு ஊத்த மாட்டியே?"

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப இதுதான் எனக்கு" என்று நகலை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு, அசலை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "ரெண்டு இருக்கறத நீ வச்சிக்க. ஒண்ணே ஒண்ண நான் வச்சிக்கறேன்." குடையை விரித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். போகும்போது அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அசல் பன்னை அன்றே அலமாரியில் வைத்தேன். இருபத்தேழும் முழுசாக இருந்தன. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இப்ப திருப்தியா ஸ்டோரு?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பழவேற்காட்டில் பாய் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் அந்தத் திருட்டு பன்னைத்தான் காட்டுகிறார், அது எப்படி வந்தது என்று என் கதையைத்தான் சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது. நான் என் கையால் கெடுத்து உண்டாக்கிய ஒரே உருப்படி அது, அது என்னிடம் இல்லை.